துறையில் ஆள் நிண்டாங்க

இந்த எண்பத்திரண்டாம் ஆண்டுத் தொடக்கம், பெரும்போக வெள்ளாமை வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த ஒரு தேத்தண்ணிக் கடையில், பிளேன்டீயை வாயில் வைக்கிற நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை பளிச்சென்று வந்தது.

மலைநாட்டுப் பக்கத்தவர் போலத் தெரிந்த ஒருவர் தோளில் பையோடு வந்து, "சம்மாந்துறைக்குப் போற பாதை எங்கேங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தாமலே, "சம்மாந்துறைக்குப் பாதை இல்ல தம்பி. பஸ்தான்" என்றார்.

"பாதை இல்லாம பஸ் எப்படிங்க போகும்?"

"ரோட்டால போகும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வந்தவருக்கு என்ன சிரிப்பென்று விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வேறு. இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்து அக்கரைக்குப் போவோமே, அந்த மிதவைக்குப் பெயர்தான் பாதை. ஆள், மாடு, சைக்கிள், நெல் மூட்டை, சில நேரம் ஜீப்பும் அதில் ஏறும். தரையில் நீளமாகக் கிடப்பது ரோட்டு. பாதையை வழி என்று சொல்வது பள்ளிக்கூடப் புத்தகம் மட்டும்தான்.

நான் சிரிக்கவில்லை. பாதித் தேத்தண்ணியைக் கடையிலேயே வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். அந்தக் கிழமை ஒரு மனிதனின் வேலை போகப்போகிறது, அதைக் காப்பாற்றுகிற சொல் என் கையில் வந்து விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரம் பாஸ் பண்ணி, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலைக்குச் சேர்ந்த கையோடு அரசாங்க ஊழியருக்கான தாபன விதிக்கோவையை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். சும்மா வாசிக்கவில்லை, மற்றப் பொடியன்கள் துப்பறியும் கதை வாசிப்பார்களே, அப்படி வாசித்தேன். கட்டளையை மீறிய ஒருவரை எப்படி விசாரிக்க வேண்டும், அவருக்கு என்ன அறிவிக்க வேண்டும், அவர் யாரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் யாரோ எங்கோ உட்கார்ந்து யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஒரு பியோனைக்கூட நினைத்த நேரத்தில் வீட்டுக்கு அனுப்ப முடியாது, படிப்படியாகத்தான் போக வேண்டும். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. கந்தோரில் எனக்குப் பட்டப்பெயரே 'கோவை' ஆகிவிட்டது. வாசலில் என் தலை தெரிந்தாலே "கோவை வருகுது, லீவுக் கணக்குக் கேக்கிறவங்க கேளுங்க" என்பார்கள்.

ஆற்றுத் துறை ஒன்றும் அதில் ஓடுகிற பாதையும் எங்கள் கந்தோரின் பொறுப்பில் இருக்கின்றன. துறையின் பெயர் வேண்டாம், ஊருக்கு மேற்கே வயல்வெளியைத் தாண்டிக் கிடக்கும் ஆற்றில் அப்படி ஒன்றிரண்டு உண்டு. அந்தப் பாதையில் இரண்டு பேர் வேலை. அதில் ஒருவருக்குத்தான் குற்றப்பத்திரம் வந்திருந்தது. நாற்பது வயது இருக்கும். நல்ல வாய்க்காரர். பாதையில் ஏறுகிற யாரையும் நக்கல் அடிக்காமல் இறக்கிவிட மாட்டார். எங்கள் முஸ்லிம் ஊர் வழக்கப்படி, அண்ணன் முறையில் நான் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவருடைய மனைவியை மச்சி என்பேன். எங்கள் வீட்டுக்கு நாலு வளவு தள்ளி அவர்களுடைய வீடு.

நடந்தது இதுதான். கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் அக்கரையில் புது வாய்க்கால் ஒன்றைத் திறந்துவைக்க வருகிறார். அதற்கு முதல் நாள், துறைக்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தர் எழுத்தில் ஒரு கட்டளை கொடுத்தார். கொழும்பில் படித்து வளர்ந்த இளைஞர் அவர். கட்டளை இவ்வளவுதான்: பெரியவர் வந்து சேரும்வரை பாதையில் பொதுமக்களை அனுமதிக்கக் கூடாது. அதற்கும் முதல் நாள் வேறொரு தாளில் இன்னொன்று எழுதிக் கொடுத்திருந்தார்: குருத்தோலைத் தோரணம் கட்டிச் சோடித்து, கழுவித் துடைத்து, இக்கரையிலேயே பாதையைக் கட்டி வைத்திருக்க வேண்டும்.

காக்கா கழுவினார், சோடித்தார். கட்டி மட்டும் வைக்கவில்லை. காலையில் ஒன்பது மணிக்கு வருவதாக இருந்த பெரியவர் மத்தியானம்தான் வந்தார். அவருடைய ஜீப்புகள் துறையில் வந்து நின்றபோது பாதை நடு ஆற்றில் இருந்தது. அதில் ஒரு தயிர்க்காரி, புல்லுக் கட்டோடு இரண்டு பேர், ஒரு பசுமாடு. மாடு தோரணத்தில் பாதியைத் தின்று முடித்து மீதியையும் தின்றுகொண்டிருந்தது.

பெரியவர் வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று. அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவரோடு வந்தவர்களுக்குத்தான் தாங்க முடியவில்லை. மறுநாளே காக்காவை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். மேலதிகாரியின் கட்டளையை வேண்டுமென்றே மீறியதாகக் குற்றம். நிரூபணமானால் வேலையும் போகும், பென்சனும் போகும். வீட்டில் மூன்று பிள்ளைகள். சொந்தமாக ஒரு துண்டு வயல்கூட இல்லாத குடும்பம்.

விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக இன்னோர் அரசாங்க உத்தியோகத்தர் பேசலாம் என்று விதி இருக்கிறது. மூத்தவர்கள் ஒருவரும் முன்வரவில்லை. நான் போய் நின்றேன். எங்கள் தலைமைக் கிளாக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நீ இன்னும் நிரந்தரம் ஆகல்ல. உன்ட கழுத்த முதல்ல பாத்துக்க."

விதி இடம் தருகிறது என்றேன்.

"விதி எல்லாத்துக்கும் இடம் தரும். கந்தோர்தான் தராது."

இருந்தாலும் கையெழுத்துப் போட்டார்.

முதலில் நான் தேடியது ஓர் அவசரத்தை. அவசரமான காரியத்துக்காகக் கட்டளையை மீறினார் என்று காட்டிவிட்டால் எந்த விசாரணை அதிகாரியும் கொஞ்சம் இளகுவார். அன்று பாதையில் ஒரு நோயாளி ஏறியிருந்தால் போதும். பிள்ளைத்தாய்ச்சி என்றால் இன்னும் நல்லது. துறைக்குப் போய் ஒவ்வொருவராக விசாரித்தேன். அக்கரைக் கிராமத்துத் தமிழ்ப் பெண் அந்தத் தயிர்க்காரி. சட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்.

"ஓம் மனே, சொல்லுறன். எனக்கு வயித்துவலி எண்டு சொல்லவா?"

"உண்மையா இருந்ததா அக்கா?"

"அண்டைக்கு இல்ல. ஆனா எனக்கு வயித்துவலி வாறதுதானே. எந்தப் பக்கம் எண்டு மட்டும் சொல்லித் தாங்க, மாறிப்போகாம பிடிச்சிக்கிறன்."

பக்கத்தில் நின்ற புல்லுக்காரர், மாட்டுக்கும் சுகமில்லை என்று எழுதலாம், தோரணம் தின்றதே அதற்குச் சாட்சி என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை அவர்கள், கேட்டால் வந்து சொல்லத் தயாராகத்தான் இருந்தார்கள். அப்போதுதான் இன்னொன்றும் தெரியவந்தது. அன்று மற்றப் பாதைக்காரர் கட்டளைக்குப் பயந்து கயிற்றைத் தொடவே இல்லையாம், கரையில் குந்தியிருந்தாராம். கயிற்றின் மறுபக்கத்தை இழுத்தவர்கள் ஏறியவர்களே. தயிர்க்காரி சட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு இழுத்திருக்கிறார். கையை விரித்துக் காட்டினார். கயிறு உரசிய தழும்பு இருந்தது.

நான் உற்சாகமாகக் காக்காவிடம் ஓடினேன். வீட்டு வளவில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். வயிற்றுவலிக் கதையைச் சொன்னேன்.

"அவக்கு வயித்துவலியா? மூண்டு பேர்ர தயிரத் தனியத் திண்டாலும் வராது."

"காக்கா, இது உங்கட வேல. வெளையாடாதீங்க."

அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். பிறகு சொன்னார்: "நோயாளி வந்ததால போனன் எண்டு நான் சொன்னா, நோயாளி இல்லாட்டிப் போகத் தேவையில்ல எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி. நாளைக்கு அந்தப் பொம்புள சும்மா தயிர் விக்க வந்து நிண்டா என்ன செய்யிற? வயித்தப் பிடி எண்டா?"

எனக்கு எரிச்சல் வந்தது. மனிதர் தன் கழுத்தில் விழுந்திருக்கிற கயிற்றைப் பார்க்காமல் மற்றவர்களின் நாளையைப் பார்க்கிறாரே என்று.

இதற்கு மறுநாள்தான் அந்தத் தேத்தண்ணிக் கடை. இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். கட்டளையில் இருந்தது 'பாதையில் பொதுமக்களை அனுமதிக்கக் கூடாது' என்ற வரி. புத்தகத் தமிழில் அதற்கு என்ன அர்த்தம்? ரோட்டில் ஆட்களை விடாதே. பெரியவரின் ஜீப்புகள் வருகிற ரோட்டில் ஆட்கள் நிற்கக் கூடாது. அப்படியென்றால் காக்கா என்ன செய்தார்? துறைக்கு வருகிற ரோட்டில் நின்றவர்களை ஏற்றி அக்கரைக்கு அனுப்பினார். கட்டளையை மீறவில்லை, எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருக்கிறார். சோடித்துக் கட்டி வைக்கச் சொன்ன வரி வேறு தாளில், வேறு நாள் எழுதியது. குற்றப்பத்திரத்தில் அது இல்லவே இல்லை. பொய் சொல்லத் தேவையில்லை, யாருக்கும் வயிற்றுவலி வரத் தேவையில்லை. 'ரோட்டைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் அவருடைய வீட்டில் நான் இதை விளக்கியபோது மச்சி கையிலிருந்த சுளகை வைத்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். இரண்டு தடவை சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவை அவரே எனக்குத் திருப்பிச் சொன்னார், பிழையில்லாமல்.

"இந்தா மனிசா, கேட்டிங்களா? அந்தப் புள்ள ராவும் பகலும் யோசிச்சிக் கொண்டு வந்திரிக்கி. உங்களுக்கு வாய் இல்லாத நாளே இல்ல. அங்க போய் இந்த ஒரு வார்த்தையச் சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

"பாப்பம்" என்றார் காக்கா.

"என்ன பாப்பம்? பாதையக் கலியாணம் முடிச்சிப்போட்டு எனக்கு எதுக்கு வாக்குக் குடுத்தீங்க?"

"அது சீதனம் கேக்கல்ல" என்றார். மச்சி அடிக்கக் கையை ஓங்கிவிட்டுச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். 'பாப்பம்' என்றால் சரி என்றுதான் அர்த்தம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

விசாரணை எங்கள் கந்தோரிலேயே, கோப்பு அலுமாரிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு ஒழுங்கு செய்த அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி மாத்தளைப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, மெல்லிய குரல். எல்லோரையும் நீங்கள் என்றுதான் பேசினார். அவருடைய தமிழ் அச்சடித்தாற்போல இருந்தது. அதைக் கேட்டதுமே எனக்குள் ஒரு சந்தோசம். இந்த மனிதருக்குப் பாதை என்றால் வழிதான்.

மச்சியும் வந்திருந்தார். உள்ளே வந்து பின்னால் போட்டிருக்கிற வாங்கில் உட்காரலாம், ஒருவரும் தடுக்க மாட்டார்கள் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு வெளியே வேப்ப மரத்தடியிலேயே நின்றுகொண்டார்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் முதலில் சாட்சி சொன்னார். என் முறை வந்ததும் எழுந்தேன். பாதை என்ற சொல்லுக்கு அவர் படித்த தமிழில் என்ன பொருள் என்று கேட்டேன். வழி என்றார். ரோட்டு என்று எடுக்கலாமா என்றேன். எடுக்கலாம் என்றார். கட்டளையில் மிதவை, தோணி என்று எங்காவது இருக்கிறதா என்றேன். இல்லை. அப்படியானால் ரோட்டில் ஆட்களை விடக்கூடாது என்று ஓர் ஊழியர் இதை விளங்கிக்கொண்டால் அது அவருடைய பிழையா, எழுதியவரின் பிழையா?

தொழில்நுட்ப உத்தியோகத்தர் தான் எழுதிய தாளை எடுத்து மறுபடி வாசித்தார். விசாரணை அதிகாரியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு. என்னைப் பார்த்து, "நல்ல கேள்வி" என்றார். அந்த இரண்டு சொல்லில் நான் நிலத்திலிருந்து ஒரு முழம் மேலே போய்விட்டேன். கதவோரம் நின்ற தலைமைக் கிளாக்கர்கூடத் தலையை ஆட்டினார்.

அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காக்காவின் பக்கம் திரும்பினார். அவருக்கும் இதை நல்லபடியாக முடிக்க விருப்பம் என்று தெளிவாகத் தெரிந்தது. கேள்வியைப் பதிலோடு சேர்த்தே கொடுத்தார்.

"அப்படியானால், ரோட்டில் பொதுமக்களை அனுமதிக்கக் கூடாது என்றுதான் நீங்கள் இந்தக் கட்டளையை விளங்கிக்கொண்டீர்கள். அப்படித்தானே?"

ஓர் 'ஓம்' போதும். ஆம் என்பதற்கு எங்கள் ஊரில் மூச்சு விடுவதுபோல வருகிற சொல். நான் காக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது, அது எனக்காகத்தான் என்று பிறகுதான் விளங்கியது.

"இல்ல சேர்" என்றார். "எனக்கு விளங்கினது பாதையெண்டா பாதைதான். இவர் எழுதினதும் அதத்தான். தம்பி கெட்டிக்காரன், அதால இப்பிடிக் கதைக்கான்."

அதிகாரி பேனாவைக் காகிதத்தில் வைக்காமல் கேட்டார்: "விளங்கிக்கொண்டுதான் போனீர்களா?"

"ஓம் சேர்."

"ஏன்?"

"துறையில ஆள் நிண்டாங்க."

இன்னும் ஏதாவது வரும் என்று அதிகாரி நினைத்தார் போல. "யாராவது அவசரமாக..." என்று தொடங்கினார்.

"அவசரம் ஒண்டும் இல்ல. தயிர், புல்லு, மாடு. எப்பயும் வாறதுதான்." பிறகு, கேட்காமலே, "இதில ஒரு தரம் போனன் எண்டுதான் எழுதிக் கிடக்கு. அது பிழ சேர். விடியலிலயிருந்து போய்ப் போய்த்தான் வந்தன். எழுதினவருக்குக் கடைசித் தரம் மட்டும்தான் தெரியும்" என்றார்.

மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

அதிகாரி மெதுவாக எழுதினார். எழுதி முடித்துவிட்டுக் கேட்டார்: "நாளைக்கு இதே கட்டளை மறுபடியும் வந்தால்?"

"பாதை என்ட கையில இரிந்தாப் போவன். என்ட கையில தரப்படாது எண்டு நீங்க நினைச்சா, அது உங்கட வேல சேர். அதில எனக்குக் கோவம் இல்ல. துறையில ஒருத்தர் வந்து நிண்டு கையக் காட்டக்குள்ள, பாதையக் கட்டிப்போட்டு வேற பக்கம் பாத்துக்கிட்டு இரிக்க எனக்குத் தெரியா."

தெரியாது என்றுதான் சொன்னார், மாட்டேன் என்று சொல்லவில்லை. நீந்தத் தெரியாது என்று ஒருவர் சொல்வது போல. இவ்வளவு நாளும் நான் வாசித்த புத்தகத்தில் கட்டளையை மீறுகிறவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. சோம்பேறி, குடிகாரர், சண்டைக்காரர், எல்லோருக்கும் அதில் இடம் இருந்தது. தன்னைத் தண்டிக்க மற்றவருக்கு உள்ள உரிமையை ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்காமல், காரணம் தேடாமல், கோபப்படாமல் வந்து நிற்கிற ஒருவர் அதில் எங்கும் இல்லை. அதிகாரியும் அப்படித்தான் நினைத்தாரோ என்னவோ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எழுதியதைக் காக்காவுக்கு ஒரு தடவை முழுதாக வாசித்துக் காட்டினார், ஒரு சொல்லைக்கூட மென்மையாக்காமல். காக்கா கேட்டுவிட்டு, "சரி சேர்" என்று கையெழுத்துப் போட்டார். இருவரும் ஏதோ ஒரு வேலையைச் சேர்ந்து ஒழுங்காகச் செய்து முடித்தவர்கள் போல இருந்தார்கள்.

நான் வெளியே வந்தேன். மச்சியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"என்ன சொன்னார்?"

சொன்னேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்பிடித்தான் சொல்லுவாரெண்டு தெரியும்" என்றார்.

"அப்ப நீங்க ஏன் மச்சி உள்ளுக்கு வரல்ல? உங்களக் கண்டிருந்தா மாத்திச் சொல்லியிருப்பாரே."

"அதுக்குத்தான் வரல்ல" என்றார். "நான் இரிந்தா என்ட முகத்தப் பாத்து மாத்திச் சொல்லிடுவார். சொல்லிப்போட்டு, பொறகு துறையில போய் எப்பிடி நிக்கிற?"

நேற்று வரை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்லி அவரை அரித்தெடுத்தவர் இவர்தான். பிள்ளைகளின் சோறு இவருக்குத்தான் கணக்கு. காக்கா அதைச் சொல்ல வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார். சொல்லிவிடுவாரோ என்றும் உண்மையாகவே பயந்தார். இரண்டையும் சுமந்துகொண்டு அந்த வேப்ப மரத்தடியில் காலையிலிருந்து நின்றிருக்கிறார். காக்காவைப் பார்த்து வியந்தவன், மச்சியைப் பார்த்துத்தான் தலைகுனிந்தேன்.

தீர்ப்பு வந்து சில மாதங்களாகின்றன. குற்றம் நிரூபணம். வேலையை விட்டு நீக்கவில்லை. ஆனால் சம்பள உயர்ச்சியை நிறுத்தி, பாதையிலிருந்து எடுத்து, பொத்துவில் பக்கத்தில் ரோட்டுக்குக் கல்லுப் போடுகிற கூட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். இனிமேல் எல்லாக் கட்டளைகளுக்கும் கீழ்ப்படிவேன் என்று எழுதிக் கொடுத்தால் மறுபடி பாதைக்கு வரலாமாம். எழுதிக் கொடுக்கவில்லை. கிழமைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருகிறார், வெயிலில் கறுத்துப்போய், வாய் மட்டும் குறையாமல். மச்சி தையல் மெசின் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார்.

கந்தோரில் எல்லோரும் கருணை மனு எழுதச் சொல்கிறார்கள். பிள்ளை குட்டிக்காரர், பிழை நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று எழுதினால் மேலே இளகுவார்களாம். அப்படி ஒரு மனு எழுத எனக்கு அரை மணித்தியாலம் போதும். ஆனால் நான் விதிக்கோவையை மறுபடி எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். ஓர் ஊழியர் கீழ்ப்படிய வேண்டியது சட்டத்துக்கு உட்பட்ட கட்டளைக்கு. அந்த 'சட்டத்துக்கு உட்பட்ட' என்பதை நான் அதுவரை கண்ணால் தாண்டிக்கொண்டே போயிருக்கிறேன். பொதுமக்களின் பணத்தில் பொதுமக்களுக்காக ஓடுகிற பாதையை ஒருவருக்காக அரை நாள் கட்டிப்போடச் சொல்ல யாருக்காவது அதிகாரம் இருக்கிறதா? காக்கா கட்டளையை மீறினாரா என்றுதான் எல்லோரும் கேட்டோம். அந்தக் கட்டளை சரியா என்று எங்கள் அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை, நான் உட்பட.

பொத்துவிலுக்குப் பஸ் ஏறிப் போய், தார்ப் பீப்பாய்களுக்கு நடுவில் அவரைப் பிடித்து, மேன்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன்.

"எழுது. பொய் ஒண்டும் எழுதாத. வயித்துவலியும் வேணாம்" என்றார். பிறகு, "வென்டுடுவியா?" என்றார்.

"தெரியா காக்கா."

"தெரியாட்டி நல்லம். வெல்லுவன் எண்டு தெரிஞ்சவன் செய்யிறது வேற."

இந்த மேன்முறையீட்டில் என் பெயரைப் போட்டால் நான் நிரந்தரமாவது பிந்தலாம், நடக்காமலே போகலாம் என்று தலைமைக் கிளாக்கர் சொல்லிவிட்டார். என் மேல் இருக்கிற அக்கறையில்தான் சொன்னார். வருகிற கிழமை நானே அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். விதி என்பது மேலே இருப்பவர் எழுதுவது, கீழே இருப்பவர் கேட்பது என்று நினைத்து அதிசயித்தவன் நான். அது கேள்வி கேட்பதற்கும் இடம் வைத்திருக்கிறது என்பதை, பொய்யாக ஓர் 'ஓம்' சொல்லத் தெரியாத மனிதரால்தான் கண்டுகொண்டேன். மேன்முறையீட்டை எப்படி முடிப்பது என்று எழுதி வைத்துவிட்டேன், எப்படித் தொடங்குவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. 'தயவுகூர்ந்து' என்று மட்டும் தொடங்கப் போவதில்லை.